வயலுக்கும் ஆலைக்கும் ஏற்ற காலணியைத் தேர்ந்தெடுத்தல்



விதை வாங்கச் செல்லும்போது பையில் நீல நிறச் சான்றட்டை இருக்கிறதா, அதில் குறித்துள்ள காலவரம்பு முடிந்துவிட்டதா என்று பார்த்து வாங்குகிறீர்கள். உழவு மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறீர்கள். நாலடி நடக்கவிட்டும் பார்க்கிறீர்கள். ஆனால் நாள் முழுவதும் நம் உடலின் பாரத்தைச் சுமக்கும் காலுக்குக் காலணி வாங்கும்போது என்ன செய்கிறோம்? எண்ணைச் சொல்லி, நிறத்தைப் பார்த்து, ஒரு காலை மட்டும் நுழைத்துப் பார்த்து, விலை பேசி வாங்கி வந்துவிடுகிறோம். கடித்தால், 'நாலு நாள் போட்டால் சரியாகிவிடும்' என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம்.

'செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிக்கிறதா?' என்பது நம் பழமொழி. அந்தப் பழமொழி எதைக் கேலி செய்கிறதோ அதையே நாம் நாள்தோறும் செய்துவருகிறோம். பாதத்தை அளந்து, வேலைக்கேற்ற காலணியைத் தேர்ந்தெடுத்து, அதைப் பேணும் முறைகளை இக்கட்டுரையில் காண்போம்.

இரண்டு வேலை, ஒரே கால்

காலணிக்கும் உழவியலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். திருப்பெரும்புதூர், ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் சிறிய அளவில் நிலம் வைத்துள்ள குடும்பங்களை எண்ணிப் பார்த்தால் தொடர்பு விளங்கும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை 1998ல் உற்பத்தியைத் தொடங்கியது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலையும், 2013ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் வந்தன. பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் போன்ற இடங்களில் சிப்காட் தொழிற்பூங்காக்கள் எழுந்தன. ஏரிப் பாசனத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்து நெல் விளைவித்த ஊர்களின் வாசலுக்கே ஆலைப் பேருந்து வந்து நிற்கிறது.

இன்று பல வீடுகளில் மகனோ மகளோ மருமகளோ ஆலையில் ஷிப்டு வேலை செய்கிறார்கள். எஞ்சியுள்ள ஒரு ஏக்கரையும் இரண்டு ஏக்கரையும் மூத்தவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். வார விடுமுறையில் இளையவர்களும் வயலில் இறங்குகிறார்கள். எட்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நிற்கும் அதே கால்தான் ஞாயிற்றுக்கிழமை வரப்பில் நடக்கிறது, மருந்து தெளிக்கிறது, இரவில் நீர் பாய்ச்சப் போகிறது. அந்தக் கால் ஒருவாரம் படுத்துவிட்டால் ஆலையில் சம்பளம் போகும். வயலில் களையும் போகாது. எனவே காலைப் பேணுவதும் பண்ணை நிர்வாகத்தில் ஒரு பகுதியே ஆகும்.

பொருந்தாத காலணியால் வரும் கேடுகள்

நுகத்தடி சரியாகப் பொருந்தாத மாட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதலில் கழுத்தில் மயிர் உதிரும். பிறகு தோல் சிவக்கும். அதற்கும் மேல் ஓட்டினால் புண்ணாகும். மாடு பழகிக்கொள்ளும் என்று எந்த உழவரும் விட்டுவிடுவதில்லை, நுகத்தைத்தான் சரிசெய்கிறார். பாதத்திலும் நடப்பது இதுவே.

முன்பக்கம் ஒடுங்கிய காலணி விரல்களை ஒன்றோடொன்று நெருக்குகிறது. பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்கிறது. சுண்டுவிரல் உள்ளே மடங்குகிறது. ஒரே இடம் நாள்தோறும் அழுந்தும்போது தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடித்துக் காய்ப்பாகிறது. அந்தத் தடிப்பின் நடுப்பகுதி கூராக உள்ளே இறங்கும்போது அதையே கால் ஆணி என்கிறோம். ஆணியை பிளேடால் சீவினாலும் அழுத்தம் நீங்காதவரை அது மீண்டும் வளரும். நீளம் குறைந்த காலணியில் பெருவிரல் நகம் முன்பக்கம் இடித்துக் கறுத்துப்போகும் அல்லது சதைக்குள் வளரும். அதிகத் தளர்ச்சியான காலணியும் நல்லதன்று. குதிகால் மேலும் கீழும் உராய்ந்து கொப்புளம் ஏற்படும். கழன்றுவிடாமல் இருக்க விரல்களால் பற்றிப் பற்றி நடப்பதால் கெண்டைக்கால் வலிக்கும். அடிப்பாகம் தேய்ந்து தட்டையான செருப்புடன் கடினத் தரையில் நெடுநேரம் நிற்பவர்களுக்குக் காலையில் எழுந்து முதலடி வைக்கும்போது குதிகாலில் குத்துவது போன்ற வலி தோன்றலாம்.

வெறுங்காலால் வரும் கேடுகள்

அப்படியானால் காலணியே வேண்டாமே என்று கூறுவதற்கும் இல்லை. பயிர் நிற்கும் நிலத்திலும் களத்திலும் செருப்புடன் இறங்கக்கூடாது என்பது நம் மூத்தோர் வழக்கம். நிலத்தின்மீது கொண்ட மதிப்பால் வந்த வழக்கம் அது. ஆனால் சிலரை ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்கவே விடாமல் தடுத்த கொடிய வழக்கமும் நம் ஊர்களில் இருந்ததை மறக்கலாகாது. முள்ளும் பாம்பும் ஆள் பார்ப்பதில்லை. பாதுகாப்பு எல்லோருடைய காலுக்கும் உரியது.

வெறுங்காலால் வரும் கேடுகளில் முக்கியமானவை வருமாறு:

1. கொக்கிப்புழு: மனித மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் இதன் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைகிறது. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குகிறது.

2. பாதப் பூஞ்சாண நோய்: முள் குத்தும்போது மண்ணிலுள்ள பூஞ்சாணமோ நுண்ணுயிரோ சதைக்குள் சென்று, பல ஆண்டுகளில் பாதத்தை வீங்கச் செய்து, துளைத்துளையாகச் சீழ் வடியச் செய்யும். 1842ல் மதுரையில் பணியாற்றிய கில் என்ற மருத்துவர் இந்நோயைப் பற்றி எழுதியதால் உலக மருத்துவ நூல்களில் இது 'மதுரைப் பாதம்' என்றே பெயர் பெற்றது. சீமைக் கருவேல முள் நிறைந்த ஏரிக்கரைகளில் நடப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

3. இரணஜன்னி: துருப்பிடித்த ஆணி மட்டுமன்றி, மண்ணும் சாணமும் பட்ட எந்தக் காயத்தின் வழியாகவும் இது வரக்கூடும். தடுப்பூசி உண்டு.

4. எலிக்காய்ச்சல்: எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரில், வெடிப்பும் காயமும் உள்ள காலுடன் நிற்பவர்களை இது தாக்கலாம்.

5. பாம்புக்கடி: கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நல்லபாம்பு, கட்டுவிரியன் ஆகிய நான்கும் நம் பகுதியில் உள்ளவை. வயலில் நடப்பவர்களுக்குக் கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலை ஒட்டியும்தான் விழுகிறது.

பாதத்தை அளக்கும் முறை

மண் பரிசோதனை செய்யாமல் உரமிடக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்துகிறோம். அதேபோல் பாதத்தை அளக்காமல் காலணி வாங்கக் கூடாது. இதற்கு வேண்டியவை ஒரு தாள், ஒரு பென்சில், ஓர் அளவுகோல் மட்டுமே.

1. மாலை நேரத்தில் அளக்க வேண்டும். நாள் முழுவதும் நின்று நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் பொருந்திய காலணி மாலையில் இறுக்குவது இதனால்தான்.

2. தாளைச் சுவரை ஒட்டித் தரையில் வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி அதன்மேல் நிற்க வேண்டும். உட்கார்ந்து அளக்கக் கூடாது. உடலின் எடை இறங்கும்போது பாதம் நீண்டு அகல்கிறது.

3. மற்றொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைய வேண்டும். பென்சிலைச் சாய்த்தால் அளவு குறையும்.

4. சுவரிலிருந்து மிக நீண்ட விரலின் நுனி வரை அளக்க வேண்டும். எல்லோருக்கும் பெருவிரல்தான் நீளம் என்று எண்ணக் கூடாது; சிலருக்கு இரண்டாம் விரல் நீண்டிருக்கும்.

5. விரல்களுக்குப் பின்னால் பாதத்தின் மிக அகன்ற இடத்தின் அகலத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

6. இரண்டு கால்களையும் அளக்க வேண்டும். பலருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரிது. பெரிய காலுக்கே காலணி வாங்க வேண்டும்.

வளர்ந்தவர்களுக்கு அளவு மாறாது என்பதும் தவறான கருத்து. வயது ஏற ஏறப் பாதத்தின் வளைவு தளர்ந்து பாதம் நீள்வதும் அகல்வதும் உண்டு. உடல் எடை கூடும்போதும், பெண்களுக்குக் கருவுற்ற காலத்திலும் அளவு மாறலாம். எனவே ஆண்டுக்கு ஒருமுறையேனும் அளந்து பார்ப்பது நல்லது.

எண்ணின் கணக்கு

கடைகளில் 6, 7, 8 என்று சொல்லப்படும் எண் ஆங்கிலேயர் முறையிலிருந்து வந்தது. இம்முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். 39, 40, 41 என்று வரும் ஐரோப்பிய எண்ணில் ஒவ்வொரு படியும் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 6.7 மில்லிமீட்டர். அமெரிக்க எண் ஆண்களுக்கு ஏறத்தாழ ஒன்று கூடுதலாக இருக்கும். பெட்டியில் மூன்று எண்களும் அச்சிட்டிருந்தால் குழப்பம் வேண்டாம்.

பாதம் முன்னும் பின்னும் அசைவதற்காகக் காலணியின் உள்ளே சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதல் இடம் வேண்டும் என்று கொண்டால், பாதத்தின் நீளத்திற்கேற்ற எண் தோராயமாகப் பின்வருமாறு அமையும்:

பாத நீளம் 23.0 செ.மீ. – எண் 4
பாத நீளம் 23.9 செ.மீ. – எண் 5
பாத நீளம் 24.7 செ.மீ. – எண் 6
பாத நீளம் 25.6 செ.மீ. – எண் 7
பாத நீளம் 26.4 செ.மீ. – எண் 8
பாத நீளம் 27.3 செ.மீ. – எண் 9
பாத நீளம் 28.1 செ.மீ. – எண் 10

எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு இடது பாதம் 25.1 செ.மீ., வலது பாதம் 25.5 செ.மீ. என்று கொள்வோம். வலது பாதத்தையே கணக்கில் எடுத்து, எண் 7ல் தொடங்கிப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த எண் ஒரு தொடக்கமே, முடிவு அன்று. ஒரு நிறுவனத்தின் 7 மற்றொன்றின் 7க்குச் சமமாக இருப்பதில்லை. ஏனெனில் ஒவ்வொரு நிறுவனமும் காலணியைத் தைக்கப் பயன்படுத்தும் அச்சுக்கட்டை வேறு. உரப் பரிந்துரை மாவட்டத்திற்குப் பொதுவாக இருந்தாலும் உங்கள் வயலுக்கு ஏற்பத் திருத்திக்கொள்வது போல, எண்ணையும் உங்கள் காலுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இதில் மற்றொரு செய்தியும் உண்டு. அயல்நாட்டு எண் முறைகள் நம் பாதங்களை அளந்து உருவாக்கப்பட்டவை அல்ல. சென்னை அடையாற்றில் 1948ல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவி கொண்டு அளந்தது. இந்தியரின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிடப் பொதுவாக அகலமானது என்று அதில் தெரியவந்தது. இதன் அடிப்படையில் பாரதம் என்பதன் முதலெழுத்தைக் கொண்டு 'ப' என்ற பெயரில் இந்தியாவுக்கென ஓர் அளவு முறையும் வகுக்கப்பட்டது. அகலம் போதாமல் ஓர் எண் பெரிதாக வாங்கி, நீளம் கூடிப்போய், கயிற்றை இழுத்துக் கட்டி நடப்பவர்கள் நம்மில் பலர். குறை உங்கள் காலில் இல்லை, அச்சில் உள்ளது. அகலமான முன்பகுதி கொண்ட வேறு வகையைக் கேட்டு வாங்குவதே இதற்குத் தீர்வாகும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

1. வேலைக்கு அணியும் அதே காலுறையுடன், மாலையில் செல்ல வேண்டும்.

2. உள்ளே உள்ள மெத்தைத் தகட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றித் தரையில் வைத்து அதன்மேல் நின்று பார்க்கவும். பாதம் ஓரங்களில் பிதுங்கினால் அந்தக் காலணி ஒடுக்கமானது.

3. இரண்டு கால்களிலும் அணிந்து எழுந்து நிற்கவும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும்.

4. காலணி மடங்கும் இடமும் உங்கள் விரல்கள் மடங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். கையால் மடக்கிப் பார்த்தால் விரல்பகுதியில் மடங்க வேண்டும். நடுவில் மடங்குவது தரமற்றது. குதிகாலைச் சுற்றியுள்ள பகுதி அமுக்கினால் எளிதில் நசுங்கக் கூடாது.

5. கடைக்குள் பத்து அடியேனும் நடக்கவும். படி இருந்தால் ஏறி இறங்கவும். இறங்கும்போது விரல் முன்னால் இடித்தால் நீளம் போதாது. ஏறும்போது குதிகால் கழன்றால் தளர்ச்சி அதிகம்.

6. குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழவும். நம் வேலையில் பாதி அப்படித்தானே நடக்கிறது!

'போடப் போடத் தளரும்' என்று கடைக்காரர் சொன்னால் அதை முழுமையாக நம்பலாகாது. தோல் அகலத்தில் சிறிது இளகிக் கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. ரெக்சின் போன்ற செயற்கைப் பொருள்கள் அதுவும் கொடுப்பதில்லை. கடையில் கடிக்கும் காலணி வயலிலும் கடிக்கும்.

விலையைக் கணக்கிடும்போது காலணி உழைக்கும் மாதங்களால் வகுத்துப் பார்க்கவும். 600 ரூபாய்க்கு வாங்கியது நான்கு மாதத்தில் பிய்ந்தால் மாதச் செலவு 150 ரூபாய். 1,500 ரூபாய்க்கு வாங்கியது பதினைந்து மாதம் உழைத்தால் மாதச் செலவு 100 ரூபாய். முதல் காலணி மலிவு என்று எப்படிச் சொல்வது?

ஆலைக்கான பாதுகாப்புக் காலணி

ஆலைகளில் அணியும் பாதுகாப்புக் காலணிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 15298 என்ற தரத்தை வகுத்துள்ளது. இதன் இரண்டாம் பாகத்தின்கீழ் வரும் காலணியின் விரல்மூடி 200 ஜூல் தாக்குதலைத் தாங்க வேண்டும். இருபது கிலோ எடையுள்ள இரும்புத்துண்டு சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது சமம். மூன்றாம் பாகத்தில் தாக்குதல் அளவு 100 ஜூல். நான்காம் பாகத்தில் வரும் காலணிக்கு விரல்மூடி கிடையாது. வெளியில் வாங்குவோர் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் எந்தப் பாகம் என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

விரல்மூடி எஃகால் ஆனது; அது இளகாது. ஆகவே சாதாரணக் காலணியைவிட இதில் அளவு மிக முக்கியம். மூடியின் மேல் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்க முடியாது என்பதால், கயிறு கட்டும் முன் பாதத்தை முன்னால் தள்ளி விரல்கள் மூடியைத் தொடும்படி செய்ய வேண்டும். அப்போது குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, கயிற்றைக் கட்டி, முழங்கால் மடக்கிப் பார்க்க வேண்டும். மூடியின் விளிம்பு விரல்களின் மேல் வெட்டினால் அந்த வடிவம் உங்களுக்கு ஏற்றதன்று.

இதில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. கடிக்கும் காலணியை எவரும் எட்டு மணி நேரம் பொறுத்துக்கொள்வதில்லை. பின்பக்கத்தை மிதித்துச் செருப்புபோல் போட்டுக்கொள்கிறார்கள், கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள், மேற்பார்வையாளர் அப்பால் சென்றதும் கழற்றி வைக்கிறார்கள். பளு விழுவது அந்த ஐந்து நிமிடத்தில் என்றால் 200 ஜூல் தாங்கும் மூடி இருந்து என்ன பயன்? பொருந்தாத பாதுகாப்புக் காலணி பாதுகாப்பே அன்று.

ஆகவே ஆலைக்குச் செல்லும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: அளவு எழுதும் நாளில் பழைய எண்ணைச் சொல்லாமல், அளந்த சென்டிமீட்டரைச் சொல்ல வேண்டும். வந்த காலணி பொருந்தாவிட்டால் அன்றே மாற்றிக் கேட்க வேண்டும். இதைக் கேட்பது குறை சொல்வது ஆகாது. வேலையின் ஒரு பகுதி. பெண்களின் குதிகால் பொதுவாக ஆண்களுடையதைவிட ஒடுங்கியது. ஆண்களின் அச்சில் செய்த சிறிய எண் அவர்களுக்கு முன்னால் இறுக்கியும் பின்னால் கழன்றும் தொல்லை தரும். பெண்களுக்கென்று செய்த காலணி கிடைக்கிறது. அதைக் கேட்டுப் பெறலாம்.

வயலுக்கான காலணி

ஆலையில் கழித்த பழைய பாதுகாப்புக் காலணியை வயலுக்குப் பயன்படுத்துவதைப் பல இடங்களில் காண்கிறோம். வரப்பு வெட்டவும், முள் வெட்டவும், டிராக்டர் ஓட்டவும் அது நல்லதே. ஆனால் பூச்சிமருந்து தெளிக்க அதை அணியவே கூடாது. தோல் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் முழுவதும் போகாது. வியர்க்கும் பாதத்தில் அந்த நஞ்சு அடுத்தடுத்த நாள்களிலும் பட்டுக்கொண்டே இருக்கும்.

தெளிப்பு வேலைக்கு முழங்காலுக்குக் கீழ்வரை வரும் ரப்பர் கம்பூட்டே ஏற்றது. இதற்கு ஐ.எஸ். 5557 என்ற தரம் உண்டு. கால்சட்டையைக் கம்பூட்டுக்குள் செருகாமல் வெளியே விட வேண்டும்; இல்லாவிடில் வழியும் மருந்து உள்ளே இறங்கித் தேங்கும். வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றும் முன்பே கம்பூட்டைச் சோப்பு நீரால் கழுவ வேண்டும். கழுவிய நீர் கிணற்றிலோ ஏரியிலோ சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரவில் நீர் பாய்ச்சச் செல்லும்போதும் கம்பூட்டும் கைவிளக்கும் கட்டாயம். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப்போடுவதிலும் கீறுவதிலும் நேரத்தை வீணாக்காமல், காலை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

நாற்று நடும் சேற்று வயலில் எந்தக் காலணியும் முழுமையாக ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சேறு கம்பூட்டைப் பிடித்து இழுக்கும். அங்கே வெறுங்காலுடன் இறங்குபவர்கள் காலில் வெடிப்பும் காயமும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கரையேறியதும் நல்ல நீரில் கழுவி, விரலிடுக்குகளைத் துணியால் ஈரமின்றித் துடைக்க வேண்டும். சேற்றுப்புண் தொடங்குவது அந்த இடுக்குகளில்தான். குதிகால் வெடிப்புக்கு இரவில் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் தடவக் கூடாது.

குழந்தைகளுக்கு

வளரும் பிள்ளைகளுக்கு 'இரண்டு வருடம் வரட்டும்' என்று பெரிய காலணி வாங்குவதும், விரல் மடங்கியபின்னும் அதையே அணியச் செய்வதும் தவறு. மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை முன்பக்க இடத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மேற்கூறிய ஆய்வின்படி பாதத்தின் வளர்ச்சி பெண்பிள்ளைகளுக்கு 11 வயது வாக்கிலும் ஆண்பிள்ளைகளுக்கு 15, 16 வயது வாக்கிலும் உச்சத்தை எட்டுகிறது. பள்ளியில் விலையில்லாக் காலணிக்கு அளவு கேட்கும்போது அளந்து எழுதி அனுப்புங்கள்.

வீட்டிலும் மணலிலும் பிள்ளைகள் வெறுங்காலுடன் விளையாடுவதைத் தடுக்க வேண்டியதில்லை. மணிப்பாலைச் சேர்ந்த எலும்பு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளை ஆராய்ந்து 1992ல் வெளியிட்ட முடிவின்படி, காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலுடன் வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. முன்பக்கம் மூடிய காலணி அணிந்தவர்களிடம் இது அதிகமாகக் காணப்பட்டது. தூய்மையான தரையில் வெறுங்கால், முள்ளும் அசுத்தமும் உள்ள இடத்தில் காலணி என்பதே பிள்ளைகளுக்கு ஏற்ற முறையாகும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

இப்பகுதியைப் படிக்கும் வாசகர்கள் வீட்டில் மூத்தவர்களுக்கும் படித்துக் காட்ட வேண்டுகிறோம்.

நீரிழிவு நீடித்தால் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் மெல்ல மங்குகின்றன. வலி என்பது நமக்குக் காவல்நாய் போன்றது. அது குரைக்காத வீட்டில் திருடன் நுழைவது போல, செருப்பில் குத்தி நிற்கும் ஆணியோ, உள்ளே கிடக்கும் கூழாங்கல்லோ, இறுக்கமான வாரோ நாள் முழுவதும் புண்ணாக்கினாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. கொப்புளம் புண்ணாகி, புண் எலும்பை எட்டி, கடைசியில் விரலையோ காலையோ எடுக்க நேரிடுகிறது. கால் போன உழவரின் வீட்டில் மாடு விற்கப்படுகிறது. பிறகு நிலம் குத்தகைக்குப் போகிறது. இவ்வளவும் ஒரு கொப்புளத்தில் தொடங்குகிறது.

உணர்ச்சியற்ற பாதத்திற்கு ஏற்ற காலணி பற்றிய அறிவுக்கு நம் மாநிலமே முன்னோடி எனலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் பாதங்கள் நோயால் தாமாக அழுகுவதில்லை, வலி தெரியாமல் ஓரிடத்திலேயே அழுத்தம் விழுவதால்தான் புண்ணாகின்றன என்பதைக் காட்டினார். அதிலிருந்தே எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் செருப்பு பரவலாக வழக்கத்திற்கு வந்தது. அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பகிர்ந்தளிக்கும் இச்செருப்பு இன்று நீரிழிவு நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது.

நீரிழிவு உள்ளவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. காலணிக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே அணிய வேண்டும்.
2. விரலிடுக்கில் வார் செல்லும் செருப்பைத் தவிர்த்து, பின்வார் உள்ள, முன்பகுதி அகன்ற காலணியை அணிய வேண்டும்.
3. புதிய காலணியை முதல் நாள் ஒரு மணி நேரத்திற்கு மேல் அணியக் கூடாது. கழற்றியதும் பாதத்தில் சிவந்த இடம் உண்டா என்று பார்க்க வேண்டும்.
4. வீட்டிற்குள்ளும் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது.
5. இரவில் கண்ணாடியைத் தரையில் வைத்தோ, பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லியோ உள்ளங்காலைச் சோதிக்க வேண்டும்.
6. ஆணியைத் தாமே சீவக் கூடாது. சிறு புண் என்றாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தமது இரத்தச் சர்க்கரை அளவையே அறியாதவர்கள் பலர். 2021ல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் வரும்போதோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சோதித்துக்கொள்ளலாம்.

பராமரிப்பு

ஈரமான காலணியை அடுப்பருகிலோ கடும் வெயிலிலோ காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும், ஒட்டுப்பசை விட்டுப்போகும். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் காயவைக்க வேண்டும். இரண்டு இணைகளை மாற்றி மாற்றி அணிந்தால் வியர்வை உலர நேரம் கிடைக்கும். இரண்டும் நீண்டநாள் உழைக்கும். காலுறையை நாள்தோறும் துவைக்க வேண்டும். அடிப்பாகம் ஒருபக்கம் சாய்வாகத் தேய்ந்தாலோ, பள்ளங்கள் மழுங்கி வழுக்கினாலோ மாற்றிவிட வேண்டும்.

பாதுகாப்புக் காலணிகள் பலவற்றின் அடிப்பாகம் பாலியூரித்தேனால் ஆனது. இது பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தால் சில ஆண்டுகளில் சிதைந்து, அணிந்த அன்றே பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். எனவே தள்ளுபடி என்பதற்காகப் பழைய இருப்பை வாங்காமல், உற்பத்தி செய்த மாதமும் ஆண்டும் பார்த்து வாங்கவும். பெட்டிக்குள் பத்திரமாக இருந்தாலும் இதற்கும் விதையைப் போல் ஆயுள் உண்டு.

முடிவுரை

மருந்து தெளிக்கவும் இரவு வயலுக்கும் கம்பூட்டு, ஆலைக்கு அளந்து வாங்கிய பாதுகாப்புக் காலணி, வீட்டுக்கும் கடைவீதிக்கும் மெத்தென்ற செருப்பு எனத் தனித்தனியே வைத்துக்கொள்வது சிறந்தது. மூன்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. இந்தப் பட்ட அறுவடைக்குப் பின் ஒன்று, அடுத்த பட்டத்தில் ஒன்று என்று வாங்கலாம்.

ஆனால் செலவில்லாத வேலை ஒன்று உண்டு. இன்று மாலையே ஒரு தாளை எடுத்து வீட்டிலுள்ள அனைவரின் இரு பாதங்களையும் வரைந்து, பெயரும் சென்டிமீட்டரும் தேதியும் குறித்து, அந்தத் தாளை மண்வள அட்டை வைத்திருக்கும் இடத்திலேயே வையுங்கள். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது அதை மடித்துப் பையில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் எண் கேட்டால், தாளை நீட்டுங்கள்.